ஃபுட் டெக் ஐவி போறதுக்கு முன்னாடி ஜூனியர்ஸ் கேக்குற கேள்விகள் (ஜவ்வரிசி மில், மாம்பழக் கூழ், பால் பண்ணை)

நான் ஃபுட் டெக்னாலஜி முடிச்சு மூணு வருஷம் ஆச்சு. படிக்கும்போது நாலு ஐவி (இண்டஸ்ட்ரியல் விசிட், அதாவது காலேஜ்ல இருந்து ஃபேக்டரி பாக்கப் போறது) போனேன், அதுல ரெண்டுக்கு நான் தான் கோஆர்டினேட்டர், அதாவது பஸ்காரர்கிட்ட பேரம் பேசுறதுல இருந்து வாந்தி கவர் வாங்கி வைக்கிற வரைக்கும் எல்லாம் என் தலையில. இப்பவும் வருஷா வருஷம் ஜூனியர் பசங்க ஒரே கேள்விய திருப்பித் திருப்பி கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் போட்டு மாளல, அதான் மொத்தமா எழுதி வச்சிட்டேன். எல்லாமே சேலம், நாமக்கல், கிருஷ்ணகிரி பக்கம் சுத்துனத வச்சு சொல்றது தான்.

ஐவி-ன்னா டூர் தானே அண்ணா?

பாதி ஆமா. பஸ்ல பாட்டு, ராத்திரி பரோட்டா, அதெல்லாம் உண்டு, இல்லன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஃபேக்டரி கேட்டுக்குள்ள நுழையுறது மொத்தமா ரெண்டு மணி நேரம் தான், அந்த ரெண்டு மணி நேரத்துலயும் தூக்கக் கலக்கத்துல நின்னீங்கன்னா அப்புறம் வேலைக்குப் போன முதல் மாசத்துல தான் "ஐயோ அன்னைக்கு இத பாத்தோமே"ன்னு தோணும். எனக்கு தோணுச்சு.

எந்த மாசம் போனா நல்லது?

எல்லாரும் கடைசியா கேக்குறாங்க, முதல்ல கேக்க வேண்டிய கேள்வி இது தான்.

நாங்க செகண்ட் இயர்ல கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு போனோம். லெட்டர் குடுத்தாச்சு, பர்மிஷன் வந்தாச்சு, 46 பேர், ஒரு பஸ். போனது பிப்ரவரி. பிப்ரவரில மாமரத்துல பூவும் பிஞ்சும் தான் இருக்கும்னு 46 பேர்ல ஒருத்தனுக்கும் தோணல, கூட வந்த சாருக்கும் தோணல. உள்ள போனா வாட்ச்மேனும் மெயின்டனன்ஸ் பாக்குற ஒரு அண்ணனும் மட்டும் தான் இருந்தாங்க, எல்லா மெஷினும் தார்ப்பாய் போட்டு மூடி கிடந்துச்சு. அவரும் பாவம் ஒவ்வொண்ணா தார்ப்பாய தூக்கிக் காட்டி "இது பல்ப்பர், கூழ் எடுக்குற மெஷின், ஓடும்போது பாத்தா நல்லா இருக்கும்"னு சொல்லிட்டே வந்தாரு. பழம் கொட்டுற ஹாப்பர் ஒண்ணுல குருவி கூடு கட்டியிருந்துச்சு, ரிப்போர்ட்ல போடுற மாதிரி எங்களுக்கு கிடைச்ச ஒரே படம் அது தான்.

அதனால கணக்கு இது. மாம்பழக் கூழ் பாக்கணும்னா மே பாதியில இருந்து ஜூலை வரைக்கும், அதுலயும் ஜூன் கடைசி தான் லைன் ராத்திரி பகல் ஓடுற நேரம். ஜவ்வரிசி மில்லுன்னா கிழங்கு வெட்டுற காலம், ஆயுத பூஜை முடிஞ்சு பங்குனி வரைக்கும்னு வச்சுக்கோங்க, அதுலயும் மழை இல்லாத நாளா பாருங்க, ஏன்னா காயப் போடுறது வெயில்ல. ஆக மாம்பழமும் ஜவ்வரிசியும் ஒரே ட்ரிப்ல கிடைக்கிறது கஷ்டம், எவனாவது ட்ராவல்ஸ்காரன் "ரெண்டும் ஒரே நாள்ல முடிச்சுரலாம் தம்பி"ன்னு சொன்னா அவனுக்கு ரூட் தெரியும், சீசன் தெரியாது. பால் பண்ணை மட்டும் வருஷம் பூரா ஓடும்.

போன் பண்றப்போ "விசிட் அலவ் பண்ணுவீங்களா"ன்னு கேட்டு நிறுத்திக்காதீங்க, "அன்னைக்கு லைன் ஓடுமா, எத்தன மணிக்கு ஓடும்"னு கேளுங்க. நிறைய டெய்ரில பாக்கெட் அடிக்கிறது சாயங்காலத்துக்கு மேல தான், காலைல பத்து மணிக்கு போய் நின்னா கழுவி விட்ட தரைய பாத்துட்டு வரலாம்.

பர்மிஷன் எப்படி வாங்குறது?

காலேஜ் லெட்டர்ஹெட்ல ஹெச்ஓடி (துறைத் தலைவர்) கையெழுத்தோட ஒரு லெட்டர், பேர் லிஸ்ட், கூட வர்ற ஸ்டாஃப் யாரு, எந்த தேதி, மாத்துத் தேதி ஒண்ணு. மெயில் அனுப்பிட்டு சும்மா உக்காந்தா பதில் வராது. சின்ன மில்லுகள்ல மெயில் பாக்க ஆளே கிடையாது, நேர்ல ஒருத்தர் போய் ஓனர பாத்து பேசுறது தான் வழி, ஒரு தடவ எங்க கிளாஸ் பையன் ஒருத்தனோட மாமா கிழங்கு விக்கிற விவசாயி, அவர் சொல்லித்தான் கதவு தொறந்துச்சு. பெரிய கம்பெனிகள்ல 25, 30 பேருக்கு மேல ஒரே நேரத்துல உள்ள விட மாட்டாங்க, அதனால ரெண்டு பேட்ச் ஆகும்னு டைம் போட்டுக்கோங்க, வெளிய நிக்கிற பேட்சுக்கு நிழல் இருக்கான்னு கேட்டுக்கோங்க (நாங்க கேக்கல).

என்ன டிரஸ் போடணும்? மூக்குத்தி, கயிறு எல்லாம் கழட்டணுமா?

ஷூ கட்டாயம், வழுக்காத ஷூ. செருப்பு போட்டு வந்த மூணு பேர கேட்லயே நிறுத்திட்டாங்க, அவங்க மூணு மணி நேரம் டீக்கடையில உக்காந்துட்டு வந்தாங்க. துப்பட்டா, தொங்குற மாதிரி எதுவும் வேணாம், மெஷின்ல பெல்ட்டும் ஷாஃப்ட்டும் சுத்திட்டே இருக்கும்.

நகை விஷயத்துல கோவப்படாதீங்க. வாட்ச், மோதிரம், வளையல், கம்மல், நெயில் பாலிஷ், கையில கட்டுன கோயில் கயிறு எல்லாம் கழட்டச் சொல்லுவாங்க. கயிறு நூல் நூலா பிரியும், ஈரத்துல அழுக்கு புடிச்சு கிருமி தங்கும், பக்தி பத்தின விஷயம் இல்ல இது. மூக்குத்தி கழட்ட முடியலன்னா சில இடத்துல மாஸ்க்குக்குள்ள மறைச்சு விடுவாங்க, தாலி போட்டவங்க உள்பக்கமா விட்டு மேல கோட் போட்டுக்கச் சொல்லுவாங்க, சில இடத்துல ரெண்டுக்குமே முடியாதுன்னு சொல்லிருவாங்க, முன்னாடியே கேட்டுட்டு போங்க. தாடி இருந்தா தாடிக்கும் ஒரு வலை, போட்டோவுல கண்றாவியா இருக்கும், பரவால்ல.

ஒரு சின்ன விஷயம் கவனிங்க. நல்ல ஃபேக்டரில கையில காயம் பட்டவங்க ஒட்டுற பிளாஸ்டர் பளிச்சுன்னு நீலமா இருக்கும். நீலக் கலர்ல சாப்பாடு எதுவும் அனேகமா கிடையாதுங்கிறதால, கழண்டு விழுந்தா கண்ணுல பட்டுரும். அதுக்குள்ள மெல்லிசா ஒரு உலோகத் தகடும் இருக்கும், கண்ணுக்கு தப்பினா மெட்டல் டிடெக்டர்ல மாட்டும். எனக்கு அந்த ட்ரிப்ல ரொம்ப புடிச்சது கோடி ரூபா மெஷின் இல்ல, இந்த பிளாஸ்டர் தான்.

ஜவ்வரிசி மில்லுல என்ன பாக்கணும்?

முதல்ல பேரு. ஜாவா அரிசி தான் ஜவ்வரிசி ஆச்சுன்னு சொல்லுவாங்க. அசல் சாகோ (ஜவ்வரிசியோட இங்கிலீஷ் பேரு) அந்த ஜாவா தீவுப் பக்கத்துல ஒரு வகை பனை மரத்தோட தண்டுல இருந்து வர்ற மாவு, நம்ம ஊர்ல மரம் கிடையாது. ரெண்டாம் உலகப்போர்ல இறக்குமதி நின்னப்போ, 1943 வாக்குல, சேலத்துல மாணிக்கம் செட்டியார்ங்கிற வியாபாரி மரவள்ளிக் கிழங்குல இருந்து மாவு எடுத்து உருட்டலாம்னு ஆரம்பிச்சது தான் இன்னைக்கு சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் பூரா பரவி நிக்குது. விக்கிறதுக்குன்னே சாகோசர்வ்னு கூட்டுறவு சங்கம் 1981ல வந்துச்சு, சேலம் ஜவ்வரிசிக்கு 2023ல புவிசார் குறியீடும் கிடைச்சுது. ஆனா இத அதிகம் சாப்பிடுறது நாம இல்ல, நமக்கு பாயசத்துக்கும் வத்தலுக்கும் தான், மூட்டை மூட்டையா போறது மகாராஷ்டிரா பக்கம், விரத நாள்ல அவங்க சாபுதானா கிச்சடி சாப்பிடுறாங்க.

மில்லுக்குள்ள போனதும் நேரா மெஷினுக்கு ஓடாதீங்க, எடை போடுற இடத்துல பத்து நிமிஷம் நில்லுங்க. கிழங்குக்கு விலை வெறும் எடைய வச்சு இல்ல, "பாயிண்ட்" வச்சு. கிழங்க தண்ணிக்குள்ள முக்கி எடை பாப்பாங்க, மாவு ஜாஸ்தி இருந்தா அடர்த்தி ஜாஸ்தி, தண்ணிக்குள்ளயும் எடை நிக்கும், அத வச்சு இத்தன பாயிண்ட்னு சொல்லுவாங்க, பாயிண்ட்டுக்கு இத்தன ரூபான்னு காசு. விவசாயிக்கும் மில்லுக்கும் சண்டை வர்றது பெரும்பாலும் இந்த முள்ளுக்கிட்ட தான். ஸ்பெசிஃபிக் கிராவிட்டின்னு நாம செமஸ்டருக்கு மனப்பாடம் பண்ணது அங்க ஒருத்தரோட ஒரு வருஷ உழைப்புக்கு விலை போடுறத பாத்தா அந்த சேப்டர் மறக்காது.

அப்புறம் தான் லைன். கிழங்க கழுவி, தோல் உரிச்சு, ராஸ்ப்பர்ல துருவி, தண்ணி விட்டு சல்லடையில அலசுவாங்க, மாவுப்பால் கீழ போகும், சக்கை மேல நிக்கும். சக்கைக்கு அங்க பேரு திப்பி, அது மாட்டுத் தீவனத்துக்கு போகுது. மாவுப்பால பழைய மில்லுகள்ல தொட்டியில விட்டு மணிக்கணக்கா தெளிய விடுவாங்க, புது மில்லுல ஹைட்ரோசைக்ளோன் சுத்தி நிமிஷத்துல பிரிச்சுரும். ஈர மாவ குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்குறது தான் பாக்க அழகு, அச்சு கிடையாது, ஈரப்பதமும் ஆட்டமும் சேந்து தானா உருளும். அப்புறம் லேசா எண்ணெய் தடவின சூடான தட்டுல வறுப்பாங்க, மேல்பக்கம் மாவு வெந்து ஓடு மாதிரி புடிக்கும். அது இல்லன்னா நாம பாயசத்துல போட்டதும் கரைஞ்சு கஞ்சியாயிரும். கடைசியா சிமெண்ட் களத்துல வெயில்ல காய வைக்கிறது. அந்தக் களத்துல மத்தியானம் நின்னு பாருங்க, கீழ வெள்ள, மேல வெயில், கண்ண தொறக்க முடியாது, அதுல ரெண்டு அக்கா கால்ல சாக்கு சுத்திக்கிட்டு பலகையால பொரட்டிட்டே இருந்தாங்க.

ஒரு கிலோ ஜவ்வரிசிக்கு சுமாரா நாலஞ்சு கிலோ கிழங்கு. வெட்டுன கிழங்கு ரெண்டு நாளைக்கு மேல தாங்காது, உள்ள நீலக் கோடு ஓடி கெட்டுப்போகும், அதனால தான் சீசன்ல லாரி வரிசை ராத்திரியும் நிக்கும்.

ரொம்ப வெள்ளையா இருக்குற ஜவ்வரிசி தான் நல்லதா?

இல்ல. தோல நல்லா எடுத்து நல்ல தண்ணில அலசுனா கொஞ்சம் மங்கலான வெள்ளை தான் வரும். பால் மாதிரி பளபளன்னு வேணும்னு மார்க்கெட் கேக்கப் போய் தான் பிளீச்சிங், ஆசிட்னு போடக் கூடாதத சிலர் போட்டு மாட்டுனாங்க. மில்லுல இத கேக்கணும்னா நக்கலா கேக்காதீங்க, "தண்ணி எங்க இருந்து வருது, எத்தன தடவ அலசுறீங்க"ன்னு கேளுங்க, விஷயம் தானா வெளிய வரும்.

மாம்பழக் கூழ் ஃபேக்டரில?

சீசன்ல போனா கேட்டுக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடியே வாசனை வந்துரும். மூணாவது வருஷம் ஜூன்ல திரும்ப போனோம், போன தடவ தார்ப்பாய் போட்டிருந்த அதே மாதிரி மெஷின் இப்ப காது அடைக்க ஓடிட்டு இருந்துச்சு.

கூழுக்கு போறதுல பெரும்பகுதி தோத்தாபுரி, அந்தப் பக்கம் பெங்களூரான்னு சொன்னா தான் புரியும், மூக்கு வச்ச மாங்கா. அல்போன்சாவும் ஓட்டுவாங்க, விலை ஜாஸ்தி. பழமா வராது, கல்லு மாதிரி காயா வரும், பழுக்க வைக்கிற ரூம்ல எத்திலீன் கேஸ் விட்டு நாலஞ்சு நாள் வைப்பாங்க. எத்திலீன் பழமே தானா விடுற வாயு தான், 100 பிபிஎம் (பத்து லட்சத்துல நூறு பங்கு) வரைக்கும் சட்டம் அனுமதிக்குது. கல்லு வச்சு பழுக்க வைக்கிறதுன்னு சொல்றோமே, கால்சியம் கார்பைடு, அதுக்கு தடை. ரெண்டையும் குழப்பிக்கிட்டு "சார் கெமிக்கல் போடுறீங்களா"ன்னு எங்க கிளாஸ் பொண்ணு ஒருத்தி கேட்டு அந்த க்யூசி (தரம் பாக்குற) சார் அரை மணி நேரம் கிளாஸ் எடுத்தாரு, உண்மையில அது தான் அன்னைக்கு உருப்படியான அரை மணி நேரம்.

அப்புறம் கழுவி, அழுகல் பொறுக்கி, கொட்டை நீக்கி, பல்ப்பர்ல சல்லடை வழியா கூழ் எடுத்து, சூடாக்கி, ஆறவச்சு, கிருமி நீக்கின பையில அடைப்பாங்க. அந்த அசெப்டிக் ஃபில்லர் பக்கத்துல கட்டாயம் நில்லுங்க. பை இரும்பு டிரம்முக்குள்ள படுத்திருக்கும், வாய் மூடியிருக்கும், மெஷின் தலை கீழ இறங்கி, நீராவி அடிச்சு, மூடிய அதுவே கழட்டி, கூழ ஊத்தி, அதுவே திரும்ப மூடும், மனுஷன் கையும் படாது, வெளிக்காத்தும் படாது. இப்படி அடைச்சா ஃப்ரிட்ஜே இல்லாம ஒன்றரை வருஷம் கூட நிக்கும். பிஹெச் (புளிப்பு அளவு, கொறைய கொறைய புளிப்பு ஜாஸ்தி) 4.6க்கு கீழ இருக்குறதால, சாப்பாட்ட விஷமாக்குற பாட்டுலிசம் கிருமியும் அதுல வளராது, மாம்பழத்தோட புளிப்பு தான் பாதி வேலைய பண்ணுது. ஜூன்ல அடைச்ச டிரம் தான் அடுத்த மார்ச்ல ஜூஸ் பாட்டில்ல வருது.

ஒரு டன் பழத்துல பாதிக்கு கொஞ்சம் மேல தான் கூழ். மிச்சம் தோலும் கொட்டையும் எங்க போகுதுன்னு கேளுங்க, பின்பக்கம் கூட்டிட்டு போகச் சொல்லுங்க. ஈ எப்படி இருக்குன்னு பாருங்க. முன்பக்கம் எல்லாரும் சுத்தமா தான் வச்சிருப்பாங்க.

ஆவின் மாதிரி டெய்ரில என்ன இருக்கு, எல்லாம் பைப்பு தானே?

ஆமா, பாலே கண்ணுக்கு தெரியாது, எல்லாம் ஸ்டீல் பைப்பு. அதனால லேப்ல டைம் போடுங்க. டேங்கர் வந்ததும் சாம்பிள் எடுத்து மோந்து பாப்பாங்க, அடர்த்தி பாக்க லாக்டோமீட்டர் விடுவாங்க, பால் திரியுதான்னு ஆல்கஹால் டெஸ்ட் பண்ணுவாங்க, கொழுப்பு பாக்க கெர்பர் டெஸ்ட்ல 10 மில்லி சல்ஃபியூரிக் ஆசிட், 10.75 மில்லி பால், 1 மில்லி அமைல் ஆல்கஹால் ஊத்தி சுத்த விட்டா கொழுப்பு தனியா மேல வந்து நிக்கும். ஆசிட் ஊத்துனதும் அந்த டியூப் சுடும், எட்டி நில்லுங்க.

பாஸ்டரைசேஷன், அதாவது கிருமி சாக பால சூடாக்குறது, 72 டிகிரி, 15 செகண்ட், உடனே 4 டிகிரிக்கு குளிர். இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா, சூடு பத்தலன்னா பால திருப்பி அனுப்புற வால்வு ஒண்ணு இருக்கு, அத காட்டச் சொல்லுங்க. பாக்கெட் கலரும் கேட்டுக்கோங்க: நீலம் டோண்டு (கொழுப்பு கொறச்ச பால்), 3 சதவீத கொழுப்பு; பச்சை 4.5, ஆரஞ்சு 6. நான் ஃபுட் டெக் சேர்ற வரைக்கும் எங்க வீட்ல ஆரஞ்சுன்னா "நல்ல பால்", நீலம்னா "தண்ணிப் பால்"னு தான் நினைச்சிட்டு இருந்தோம், எங்க அம்மா இன்னும் மாறல.

ஊட்டில டிக்கெட் எடுத்து பாக்குற டீ ஃபேக்டரி ஐவி கணக்குல வருமா?

ஹெச்ஓடி ஒத்துக்கிட்டா வரும். கண்ணாடிக்கு பின்னாடி நின்னு பாத்துட்டு ஏலக்கா டீ குடிச்சுட்டு சாக்லேட் வாங்கிட்டு வரலாம், தப்பில்ல. உண்மையா பாக்கணும்னா குன்னூர், கோத்தகிரி பக்கம் விவசாயிகிட்ட இலை வாங்கி ஓட்டுற ஃபேக்டரிக்கு எழுதிப் போடுங்க. அங்க ஃபெர்மெண்டேஷன்னு போர்டு இருக்கும், அது நொதிக்கிறது இல்ல, இலையில இருக்குற என்சைம் காத்து பட்டு செவக்குறது, வைவால கண்டிப்பா கேப்பாங்க.

மைசூர் சிஎஃப்டிஆர்ஐ போலாமா?

போலாம், ஆனா அது ஃபேக்டரி இல்ல, மத்திய அரசோட உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், 1950ல இருந்து இருக்கு. எருமைப் பால்ல குழந்தைங்களுக்கு பால் பவுடர் பண்ற முறைய கண்டுபுடிச்சு அமுலுக்கு குடுத்தது அவங்க தான். பைலட் பிளாண்ட் (சோதனைக்கு ஓட்டுற சின்ன லைன்) பாக்கலாம், பெருசா ஓடுற லைன் பாக்கணும்னா அது பத்தாது. தஞ்சாவூர்ல இருக்குற உணவுத் தொழில்நுட்ப நிலையம் நிஃப்டெம்மும் அப்படித்தான்.

போட்டோ எடுக்கலாமா?

கேக்காம எடுக்காதீங்க. நிறைய இடத்துல போனே வாங்கி வச்சிருவாங்க, அதனால பாக்கெட்ல சின்ன நோட்டு. பேனாவுக்கு மூடி இல்லாததா பாத்து எடுத்துட்டு போங்க, மூடி கழண்டு விழுந்தா அது அவங்களுக்கு பெரிய தலைவலி.

நாத்தம் தாங்காம வாந்தி வந்தா?

வரும். ஜவ்வரிசி மில்லு கழிவுத் தண்ணி புளிச்சா வர்ற நாத்தம் மூணு நாளைக்கு மூக்க விட்டுப் போகாது, மாம்பழ ஃபேக்டரில இனிப்பு வாசனையே ஒரு மணி நேரத்துல கொமட்டும். காலைல வெறும் வயித்துல போகாதீங்க, பூரி கிழங்கும் வேணாம், ரெண்டு இட்லி. முடியலன்னா சொல்லாம கொள்ளாம வெளிய ஓடாதீங்க, பக்கத்துல யார்கிட்டயாவது சொல்லிட்டு போங்க, ஒருத்தன் அப்படி ஓடி தப்பான கதவ தொறந்து கோல்ட் ரூமுக்குள்ள போய் நின்னான். இப்ப சில மில்லுகள்ல அந்தக் கழிவுல இருந்து கேஸ் எடுத்து அதுலயே அடுப்பு எரிக்கிறாங்க, இருந்தா கேட்டு பாருங்க, நாத்தத்தோட சேத்து பாத்தா தான் அது எவ்ளோ பெரிய விஷயம்னு தெரியும்.

வீட்ல பொண்ணுங்கள விட மாட்டேங்குறாங்க.

லேடி ஸ்டாஃப் பேரும் நம்பரும், தங்குற இடம், திரும்பி வர்ற நேரம் இத ஒரே தாள்ல போட்டு கையெழுத்து வாங்க குடுங்க, பாதி பேர் வீட்ல ஓகே சொல்லிருவாங்க. மிச்சம் பேருக்கு ஒரு நாள்ல போயிட்டு வர்ற ட்ரிப்பா போடுங்க. ஃபேக்டரில பொண்ணுங்களுக்கு டாய்லெட் எங்கன்னு கோஆர்டினேட்டர் முதல்லயே கேட்டு வைக்கணும், பசங்க கோஆர்டினேட்டரா இருந்தா இத கேக்கவே தோணாது, எனக்கும் முதல் தடவ தோணல, நல்லா திட்டு வாங்குனேன்.

என்ன கேள்வி கேட்டா மரியாதையா இருக்கும்?

"கெப்பாசிட்டி என்ன சார்" தவிர வேற எதுனாலும். போன மாசம் லைன் நின்னுச்சா, எதனால நின்னுச்சு? மெட்டல் டிடெக்டர எத்தன மணிக்கு ஒரு தடவ செக் பண்றீங்க, செக் பண்ண உள்ள விடுற அந்த உலோகத் துண்டு, டெஸ்ட் பீஸ காட்டுவீங்களா? ஒரு லைன் முடிஞ்சு கழுவ எவ்ளோ நேரம்? மேனேஜர விட மெஷின் ஓட்டுற அண்ணன்கிட்ட கேளுங்க, "அண்ணா இது மக்கர் பண்ணுமா"ன்னு கேட்டா போதும், பத்து நிமிஷம் பேசுவாரு.

ரிப்போர்ட் எப்படி எழுதுறது?

அன்னைக்கு ராத்திரியே பஸ்ல எழுதுங்க. ஃப்ளோ சார்ட் எல்லாரும் ஒரே மாதிரி தான் போடுவாங்க, கம்பெனி வரலாறு ரெண்டு பக்கம் காப்பி அடிக்கிறதும் அப்படித்தான். நீங்க கண்ணால பாத்த நம்பர் ஒரு பத்து போடுங்க, மீட்டர்ல அப்ப காட்டுன டெம்பரேச்சர், பிரிக்ஸ் (கூழோட இனிப்பு அளவு), ஒரு நிமிஷத்துக்கு எத்தன பை. அது யார்கிட்டயும் இருக்காது.

சாப்பிட குடுப்பாங்களா? மில்லுல இருந்து ஒரு கிழங்கு எடுத்துட்டு வந்து அவிச்சு சாப்பிடலாமா?

டெய்ரில நெய் மைசூர்பாவும் ஃப்ளேவர்டு மில்க்கும் குடுத்தாங்க, கூழ் ஃபேக்டரில ஒரு டம்ளர் நிறைய கூழ் குடுத்தாங்க, பாதிக்கு மேல குடிக்க முடியாது.

கிழங்க மட்டும் தொடாதீங்க. வீட்ல அவிச்சு தேங்கா போட்டு திங்கிற கிழங்கு ரகம் வேற, மில்லுக்குன்னு போடுற ரகங்கள் பலது கசப்பு, மாவு ஜாஸ்தி, கூடவே சயனைடு விடுற பொருளும் ஜாஸ்தி. துருவி அலசி காய வைக்கும்போது அது தண்ணியோட போயிருது, அதனால ஜவ்வரிசில பிரச்சனை இல்ல. முழுசா அவிச்சா போகாது. அந்தப் பக்கம் கிழங்குத் தோலும் இலையும் தின்னு மாடு செத்த கதைய எந்த ஊர்லயும் சொல்லுவாங்க. எங்க பேட்ச்ல ஒருத்தன் பேக்ல ரெண்டு கிழங்கு வச்சிருந்தான், பஸ் ஏறுறப்போ மில்லு அக்கா பாத்துட்டு பேக்க புடுங்கி கீழ கொட்டிட்டு "உங்க வாத்தியாரு சொல்லித் தரலியா கண்ணு"ன்னு கேட்டாங்க, எங்க சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாரு.